வேங்கைக் கிண்ணத்தில் ஊறும் தண்ணீர்

1

இந்தக் கதை என் வீட்டு ஃபிரிட்ஜில் பிறந்தது. முட்டை வைக்கும் தட்டில் என் மகளின் இன்சுலின் குப்பிகள் இருக்கின்றன. போன மாதம் அரியாங்குப்பத்திலிருந்து வந்த சித்தப்பா ஒரு மரக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, "வேங்க மரம்பா. ராத்திரி தண்ணி ஊத்தி வெச்சிக் காலைல கொழந்தைக்குக் குடு. ஊசியே வேணாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குக் கிண்ணத்தையும் அவரையும் சேர்த்து வெளியே எறியலாம் போலிருந்தது. காப்பி கொடுத்து அனுப்பினேன்.

பிறகு, இப்படிப்பட்ட கிண்ணத்தை முன்பு யார் கடைந்திருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

2

தொடக்கம்: "1934ஆம் ஆண்டு புதுச்சேரியில், கடற்காற்று மெல்ல வீசிய ஒரு மாலை —"

வேண்டாம். கடற்காற்று மெல்ல வீசினால் கதை உருப்படாது.

மறுபடியும்: பிரகாசம் கிண்ணம் கடைபவன். வாய்க்காலுக்கு மேற்கே அவன் பட்டறை. மரத்துண்டை உருளையில் பொருத்துவான். உருளையில் சுற்றிய கயிற்றை மனைவி புஷ்பமேரி இரு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பாள். மரம் சுழலும், அவன் உளியைக் கொடுப்பான். அவள் கை நின்றால் பட்டறை நின்றது.

மா மரம் சொன்னபடி கேட்கும். பூவரசு வழவழப்பாக வரும். வேம்பைக் கடைந்தால் தூள் தொண்டையில் இறங்கி அன்றைக்குச் சோறு கசக்கும். நாவல் உளிக்கு அடங்கிப்போய், காயும்போது வெடித்துப் பழிவாங்கும். வேங்கை கையை மஞ்சளாக்கும்.

(மரங்களைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதலாம். அதுவரை மர்த் வரவேண்டியதில்லை.)

3

மர்த் அவர்களுடைய ஒரே மகள். ஒன்பது வயது. திடீரென்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். அவள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது.

"ஏங்க, கெழவங்களுக்கு வர்ற நோவு நம்ம கொழந்தைக்கு வந்திருக்குதே" என்றாள் புஷ்பமேரி.

பிரகாசம் பயப்படவில்லை. ஊரில் நீரிழிவுக்காரர்கள் பலரும் அவன் கிண்ணத்தில்தான் குடித்தார்கள். வேங்கைக் கிண்ணத்தில் இரவு ஊற்றிய தண்ணீர் காலையில் பழுப்பேறி, வெயிலில் சாய்த்தால் நீலம் காட்டும். அதைக் குடித்தவர்கள் கைவீசி நடந்தார்கள். மகளுக்கும் ஒன்று கடைந்தான். சில வாரங்களில் அவளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

அவனுக்குக் கிண்ணத்தின் மேல் சந்தேகம் வரவில்லை, மரத்தின் மேல் வந்தது. "கடைக்காரன் இளமரத்தக் குடுத்துட்டான்" என்றான். மருதில் கடைந்தான். நாவலில் கடைந்தான், அது வெடித்தது. வேம்பில் கடைந்தான். மர்த் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் குடித்தாள். தாகம் அப்படி.*

* வயதானவர்களுக்கு வரும் நீரிழிவு வேறு, பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் இந்த நீரிழிவு வேறு. முதலாவது வருடக்கணக்கில் காத்திருக்கும். இரண்டாவது காத்திருக்காது. பிரகாசத்துக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

4

இங்கே மிஸ்யே அர்மான் வருகிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலைபார்த்துவிட்டு இப்போது பென்ஷன் வாங்கும் தமிழர். எழுபது வயது, பழைய நீரிழிவு, பிரகாசத்தின் பழைய வாடிக்கை.

"பிரகாசம், ஒப்பித்தால்ல ஒரு ஊசி வந்திருக்குதாம்பா. கப்பல்ல வருதாம். நீரிழிவுக்குன்னே உள்ளதாம், தொக்தேர் சொன்னாரு. கொழந்தைய அழச்சிக்கினு போ."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, புஷ்பமேரி கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

பிரகாசம் கேட்டான்: "நீங்க போட்டுக்கினீங்களா, மிஸ்யே?"

அர்மான் சிரித்தார். "எனக்கு எதுக்குடா? ஒன் கிண்ணம் இருக்கறப்ப!"

அவர் நன்றியோடுதான் அதைச் சொன்னார். பிரகாசம் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா?" என்றான். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

5

அர்மானைக் கதையிலிருந்து வெட்டிப் பார்த்தேன். அவர் இல்லாவிட்டால் ஊசி இருக்கிற செய்தியே இவர்களுக்கு வராது. சரி, இருக்கட்டும் என்று அவர் சொன்ன கடைசி வரியை மட்டும் அடித்தேன். வாயை மூடினாலும் ஆள் திடமாக எதிரே நிற்கிறாரே! அவர் பிழைத்திருப்பதுதான் மர்த்தைக் கொல்கிறது. பாவி மனிதர், நல்லவர்.

காலத்தை மாற்றலாமா? இருபது வருடம் முன்னால் போனால் அந்த ஊசி உலகத்திலேயே இல்லை, யாரையும் நோக வேண்டாம். பின்னால் வந்தால் என் ஃபிரிட்ஜ். முப்பதுகளில்தான் மருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது.

வேறு முடிவு: போகிறார்கள். ஊசி போடுகிறார்கள். மர்த் எழுந்து உட்கார்ந்து, "யம்மா, பசிக்குது —"

இந்த வரியை எழுதிவிட்டு அழுதேன். அந்த ஊசி மறுநாளும் வேண்டும், அதற்கு மறுநாளும், அவள் உயிரோடு இருக்கும்வரை. கப்பல் தினமும் வராது. ஆனாலும் அவர்கள் ஒப்பித்தாலுக்குப் போகட்டுமே. பத்து நாள் கிடைத்தாலும் பத்து நாள்தானே.

6

கடைசி வேங்கைத் துண்டு. வைரம் பாய்ந்தது. பிரகாசம் உருளையில் பொருத்திவிட்டான். மர்த் பாயில் கிடக்கிறாள். மூச்சு ஆழமாக, அவசரமாக வருகிறது. அதில் அழுகிய பழத்தின் வாசனை.

"ஒப்பித்தாலுக்கே போயிடலாங்க."

"ஒண்ணே ஒண்ணு, புஷ்பம். இது அசல் வைரம். இதுக்கும் கேக்கலன்னா விடிஞ்சதும் நானே தூக்கினு போறேன்."

விடியும்வரை மர்த் தாங்கமாட்டாள். அந்த வாசனை எனக்குத் தெரியும். என் மகளின் மூச்சில் அது வந்த அன்று வாசலில் ஆட்டோ நின்றது. எங்களுக்கும் பிரகாசத்துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்த ஆட்டோதான்.

கயிற்றின் இரண்டு முனையும் புஷ்பமேரியின் கையில் இருக்கின்றன.

நான் எழுதிய எல்லாப் பிரதியிலும் அவள் இழுத்துவிடுகிறாள். புருஷன் பேச்சுக்குப் பயந்து இழுக்கவில்லை. இந்தக் கிண்ணமாவது கேட்காதா என்று அவளுக்கும் ஆசை. சித்தப்பாவின் ஆசையும் அதுதான். அவர் கொடுத்ததை நானும் இன்னும் எறியவில்லை. நேற்று இரவு அதில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

உள்ளேயிருந்து மகள் கத்துகிறாள். "அப்பா, ஊசி போட வாப்பா, ஸ்கூல் வேன் வந்துடும்!"

நான் போகவேண்டும். கயிறு இன்னும் அசையவில்லை. நீங்கள் புஷ்பமேரியின் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். ஏதாவது சொல்லுங்கள்.