ஆறு தரம் மறுத்த கை

எனக்கு வரும் கடிதங்களை என் அத்தான், அக்காவின் கணவர் கேதீஸ்வரன், அச்சடித்துக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசிப்பார். கல்யாணத் தளத்தில் எனக்குக் கணக்குத் திறந்தவர் அவர்தான். கொடுத்ததும் வீட்டுப் பொது மின்னஞ்சல் விலாசம். சிட்னியிலிருந்து தேவராஜா எழுதும் ஒவ்வொரு வரிக்கும் மேசையில் ஒரு விமர்சனம் நடக்கும். முப்பத்தைந்து வயதுக்காரிக்கு இது என்ன விசர் வாழ்க்கை?

எனக்கென்று ஒரு விலாசம் எடுத்துத் தளத்தில் மாற்றினேன். உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் வரும், அதில் அழுத்தும்வரை கணக்குப் பூட்டியிருக்கும் என்றது. வரவில்லை. குப்பைப் பெட்டியையும் கிளறினேன். மூன்று கிழமையில் ஆறு தரம் கேட்டும் ஒரு மண்ணும் வரவில்லை. பூட்டிய கணக்குக்குள், நான் இன்னும் பதில் எழுதாத தேவராஜாவின் கேள்வி கிடந்தது: "என்னைக் கட்டச் சம்மதமா?" கேட்டுவிட்டு ஒரு மனுஷன் எத்தனை நாள் காத்திருப்பான்?

வெள்ளிக்கிழமை வேலையிடத்திலிருந்து தளத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"முதல்ல பழைய விலாசத்துக்குத்தான் கேட்டு அனுப்புவோம் மேடம்," என்றாள் அங்கே இருந்த பெண். "ஆறு தடவையும் 'நான் மாற்றவில்லை'ன்னு பதில் வந்திருக்கு."

ஸ்பிரிங்வேலில் அக்கா குடும்பத்தோடு நான் இருக்கும் வீட்டுக்குள் சப்பாத்தும் கழற்றாமல் நுழைந்தேன்.

"அத்தான், நான் விலாசம் மாத்த, ஆறு தரமும் 'மாத்தேல்லை' எண்டு பதில் அனுப்பினீங்களோ? வேலியே பயிரை மேயிறதோ? நீங்கள் மனுசனோ?"

"என்ன கதைக்கிறாய் யோகராணி? நீ விலாசம் மாத்தினதே எனக்குத் தெரியாது!"

"பொய் சொல்ல வாய் கூசேல்லையோ?"

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அக்கா சத்தியபாமா ஈரக் கையோடு வந்தாள்.

"அவரைப் பேசாதை. காலமை வேலையால வந்து மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கிறது நான். 'நான் மாற்றவில்லை' எண்டு நான்தான் அமத்தினனான்."

"நீயோ? ஏன்?" என்றேன்.

"நீ சிட்னிக்குப் போனா இவரும் இரவு டாக்சியிலை, நானும் இரவு வேலையிலை. பிள்ளையளோட ஆர் படுக்கிறது?"

"ஏழு வருசம் நான்தானே படுத்தனான்! கேட்டிருந்தா இன்னும் ஒரு வருசம் பொறுத்திருப்பனடி. கேக்க வாய் இல்லை, அமத்த மட்டும் கை இருந்ததோ?"

அவளை இழுத்துக்கொண்டுபோய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருத்தினேன். விலாசத்தை மாற்றத் தளத்தில் திரும்பவும் கேட்டேன். "இப்ப ஓம் எண்டு அமத்து."

அழுத்தினாள். ஐந்து நிமிடத்தில் எனக்குக் கடிதம் வந்தது, கணக்குத் திறந்தது. உள்ளே தேவராஜாவின் கடிதங்கள் நான்கு. கடைசி நேற்றையது.

"உங்கள் மௌனத்தை மறுப்பென்றே எடுத்துக்கொண்டேன். அம்மா பார்த்த இடத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நல்லாயிருங்கோ."

அத்தான் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார். அக்கா அழத் தொடங்கினாள்.

"வேறை நல்ல இடம் பாப்பமடி..."

"இண்டைக்கு வேலை எத்தினை மணிக்கு?" என்று கேட்டேன்.

"ஒன்பதுக்கு."

"பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போ," என்றேன்.