அசையாமல் சிரிப்பவர்

ஊர் உலகத்தில் எத்தனையோ ஆராய்ச்சி இருக்க, நம் மருமகள் சிரிப்பைப் போய்ப் பிடித்துக்கொண்டாள். ஜோக் கேட்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவள் உத்தியோகம். எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாக ஓடும். அந்தப் பெரிய காந்த மெஷின் அதைப் படம் பிடித்துக் காட்டிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே படுத்திருப்பவர் தலையை நூலளவு அசைத்தாலும் படம் கலங்கிவிடும். ஜோக் பிடித்தவர்களெல்லாம் குலுங்கினார்கள். குலுங்காதவர்களுக்கு ஜோக்கே பிடிக்கவில்லை. இரண்டு வகைப் படமும் குப்பைக்குத்தான் போயிற்று.

"சிரிப்பு வரணும், ஆனா சிரிக்கக் கூடாது. இப்படி ஒரு பிறவிக்கு நான் எங்க போவேன் மேடம்?" என்று மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு மேலே இருந்த பேராசிரியர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்கார்னு சொல்வியே?"

இருந்தார். மாமனார்.

மாமனார் வேலை பார்த்த காலமெல்லாம் பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூடியோ வைத்திருந்தவர். 'சிரிக்காதீங்க, வாய மூடுங்க, நேரா பாருங்க' என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. கடையை மூடிவிட்டு வீட்டோடு வந்த பிறகும் அந்த முகம் மட்டும் மாறவே இல்லை. மருமகளும் அவள் கணவனும் அவருக்குத் தெரியாமல் வைத்திருந்த பெயர் 'பாறை'.

மருமகளோ வாய் மூடாதவள். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் தினம் ஒரு ஜோக்காவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு லிப்ட் ஜோக் சொன்னாள். "ஒருத்தர் லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டாராம். 'பயப்படாதீங்க சார், ரிப்பேர்காரருக்குப் போன் போடறோம்'னு வெளிய இருந்து கத்தினாங்களாம். உள்ள இருந்தவர் பாக்கெட்ல போன் அடிச்சுதாம்!"

கணவனுக்குப் புரையேறிவிட்டது. மாமனார் என்ன செய்தார் தெரியுமா? தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கைகழுவும் இடத்துக்குப் போனார், கதவைச் சாத்தினார், குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் சோவென்று கொட்டியது. இன்று நேற்றல்ல, அவள் கல்யாணம் ஆகி வந்த நாள் முதலாய் இதே கதைதான். ஜோக் முடியும், தட்டு எழும், குழாய் திறக்கும்.

"என் ஜோக்க நல்லா சோப்புப் போட்டுக் கழுவி விடறார் உங்கப்பா," என்பாள் கணவனிடம்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் கொஞ்ச நாளாக அவளுக்கு அது சிரிப்பாக இல்லை. மூத்த மகன் புது வீடு வாங்கி, அப்பாவுக்கென்று ஓர் அறையும் ஒதுக்கி, வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டிருந்தான். "ஞாயித்துக்கிழமை சொல்றேன்," என்றுவிட்டார் மாமனார். அதற்கு மேல் அவர் வாயைப் பிடுங்க யாராலும் முடியவில்லை. பரணிலிருந்த பெட்டி மட்டும் கீழே இறங்கிவிட்டது.

அவர் போகக் கூடாது என்று மருமகளுக்கு ஆசை. பாறையோ கீறையோ, அவள் வேலை முடிந்து வர நேரமானால் தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் போய் நிற்கிறவர் அவர்தான். அவள் தலை தெரிந்ததும், தான் நிற்கவே இல்லை என்பதுபோல விறுவிறுவென்று முன்னால் நடந்து வீட்டுக்குள் போய்விடுவார். அந்த மனுஷனை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தன்னைச் சகித்துக்கொண்டு கிடக்கிறவரிடம் இருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

"மெஷின்ல படுக்கணுமா? சரிம்மா," என்றார் மாமனார், எதற்கு என்று கூடக் கேட்காமல்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கு வந்தார். பெல்ட், சாவி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைத்தார். உடம்பில் எங்காவது இரும்பு, கம்பி உண்டா என்று மருமகள் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்து இல்லை என்றார். படுக்கவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, தலைக்கு மேல் கூண்டுபோல ஒன்றைக் கவிழ்த்து, கையில் நான்கு பொத்தான் வைத்த பெட்டியைக் கொடுத்தாள். சொந்த மாமனாரின் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பியதில் அவளுக்குக் கையெல்லாம் உதறியது.

"மாமா, மேல இருக்கற கண்ணாடில ஜோக் சொல்றவங்க படம் வரும். அப்புறம் ஹெட்போன்ல ஜோக் கேக்கும். ரொம்பச் சிரிப்புன்னா நாலாவது பொத்தான், சிரிப்பே இல்லன்னா முதல் பொத்தான். ஆடக் கூடாது."

"எனக்கேவா?" என்றார் மாமனார்.

ஜோக் சொன்னவர்கள் மூன்று பேர். ஒரு ரேடியோக்காரர், பேராசிரியர் அம்மாள், அப்புறம் நம் மருமகள்.

மெஷின் கடகடவென்று தட்ட ஆரம்பித்தது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லோரும் திரையில் முகத்தைப் புதைத்தார்கள். தலை அசைவைக் காட்டுகிற கோடு, அளவுகோல் வைத்து இழுத்ததுபோலக் கிடந்தது. மெஷின் ஓட்டுகிறவர் வாயைப் பிளந்தார். "பொம்மையப் படுக்கவெச்சாக்கூட இதவிட ஆடும் மேடம்!" நடுநடுவே மெஷினிலேயே இருக்கிற ஸ்பீக்கர் வழியாக, "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று மருமகள் கேட்டாள். "ம்," என்று பதில் வந்தது.

அதைவிடப் பெரிய அதிசயம் பொத்தானில் இருந்தது. ரேடியோக்காரர் ஜோக்குக்கெல்லாம் ஒன்று. பேராசிரியர் அம்மாளுக்கும் ஒன்று. மருமகளின் ஜோக் வந்தபோதெல்லாம் நாலு, நாலு, நாலு! மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை. பாறைக்குள் இத்தனை ரசனையா என்று அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான். சனிக்கிழமையும் அதுவுமாகப் படத்தைப் பிரித்துக் கணக்குப் போட்டால், காதால் கேட்பதற்கென்று மூளையில் இருக்கிற இடத்தில், ஜோக் ஓடியபோது மெஷின் சத்தத்துக்கு மேல் கூடுதலாக ஓர் அசைவும் இல்லை. ஜோக் பிடிக்கவில்லை என்றால்கூட அந்த இடம் வேலை செய்தாக வேண்டும். அது தேமே என்று கிடந்தது.

பேராசிரியர் அம்மாள் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, உங்க மாமனாருக்குக் காது கேக்குமா?"

"அடுத்த வீட்டு ரகசியமே கேக்கும் மேடம்!"

மெஷின் அறைக்கு ஓடினாள். ஹெட்போனிலிருந்து போகிற ரப்பர் டியூப், எதிலும் செருகப்படாமல் படுக்கைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. காந்தத்துக்குப் பக்கத்தில் சாதாரண ஒயர் ஆகாது என்று, சத்தம் அந்த டியூப் வழியாகக் காற்றில்தான் போகும். கடைசியாக அதைச் செருகவேண்டியது யார்? சாட்சாத் மருமகளேதான். கை உதறலில் மறந்துவிட்டாள்.

ஆக, மாமனார் ஒரு ஜோக்கையும் கேட்கவே இல்லை. அவ்வளவு நேரமும் அந்தக் கடகடவைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். மருமகள் மூஞ்சி வந்தால் நாலு, மற்றவர்களுக்கு ஒன்று. மரியாதைக்குப் போட்ட மார்க்!

"எல்லாம் போச்சு," என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"இங்க பாரு," என்று பேராசிரியர் அம்மாள் திரையில் ஓர் இடத்தைத் தொட்டார். மூளையின் அடி ஆழத்தில், பிடித்தது கிடைத்தால் குஷியாகிற இடத்தில், மருமகள் படம் வந்தபோதெல்லாம் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. மருமகள் துள்ளி எழுந்தாள். "அப்ப அவருக்கு என்னை..."

"உக்காரு. ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு தடவ, அதுவும் சொதப்பின டேட்டா. இத வெச்சு எந்த முடிவும் சொல்லக் கூடாதுன்னு நான் உனக்குச் சொல்லித் தரணுமா?" பேராசிரியர் அம்மாள் திரையை அணைத்தார். "மெஷினுக்குள்ள போட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி, வாயத் தெறந்து ஒரு வார்த்தை கேட்டியா அவர்கிட்ட?"

கேட்கவில்லை. உண்மையிலேயே ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமனார் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் எதிரில் போய் நின்றாள்.

"மாமா, நேத்து உங்களுக்கு ஹெட்போன்ல ஒண்ணுமே கேக்கலதானே?"

"கேக்கலம்மா."

"கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே! நல்லா இருக்கீங்களான்னு அத்தன தடவ கேட்டேனே!"

"நல்லா இருக்கியான்னுதான் கேட்ட. நல்லாத்தான் இருந்தேன். அத்தன பேரு முன்னால உன்னத் தப்புப் பண்ணிட்டன்னு எப்படிச் சொல்றது?"

"அப்புறம் எப்படி மார்க் போட்டீங்க?"

"கேக்காததுக்கு என்னத்தப் போடறது? ஒண்ணு போட்டேன்."

"எனக்கு மட்டும் நாலு?"

மாமனார் துடைப்பதை நிறுத்தினார். "உன் ஜோக்குக்கு ஹெட்போன் எதுக்கு? மூஞ்சியப் பாத்ததும் அந்த லிப்ட்காரன் ஞாபகம் வந்துட்டான். பாக்கெட்ல போன் அடிக்குதுன்னு நினைச்சதும் தாங்கல. நீ ஆடக் கூடாதுன்னு வேற சொல்லிட்ட. அடக்கறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு."

மருமகள் நம்பவில்லை. "சும்மா சொல்லாதீங்க மாமா. அன்னைக்கு அதச் சொல்லி முடிக்கல, தட்டத் தூக்கிட்டுக் குழாயடிக்குப் போயிட்டீங்க."

"பின்ன? உங்க முன்னாடியா சிரிக்கறது?" மாமனாருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "கடைல நான் கொஞ்சம் பல்லக் காட்டினாப் போதும், எதிர்ல உக்காந்திருக்கறவனும் சிரிச்சுடுவான். படம் வீணாயிடும். அடக்கி அடக்கி அப்படியே பழகிப் போச்சும்மா. இப்ப ஆளுங்க முன்னாடி சிரிக்கவே வரமாட்டேங்குது. குழாயத் தெறந்து விட்டாத்தான் எனக்குச் சிரிப்பே வரும்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் கேட்ட குழாய்ச் சத்தமெல்லாம் அப்போது ஒன்றாகச் சேர்ந்து அவள் காதில் கொட்டியது. மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"போகாதீங்க மாமா," என்றாள் ஒருவழியாக.

"எங்க?"

"பெரியவர் வீட்டுக்கு. பெட்டியெல்லாம் இறக்கி வெச்சிருக்கீங்களே!"

"இதுவா? இதுல பழைய கேமரா இருக்கு. உங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுக்கலாம்னு இறக்கினேன்." மாமனார் துணியை உதறி மடித்தார். "பெரியவன்கிட்ட நாளைக்கு வரலன்னுதான் சொல்லப்போறேன். அவன் வீட்டுக்குப் போன மாசம் போனேனே. நல்ல புள்ளைங்கதான், நல்லாத்தான் கவனிச்சாங்க. ஆனா ஆளுக்கொரு போனப் பாத்துக்கிட்டே சாப்பிட்டு எந்திரிக்கறாங்கம்மா. அங்க இருந்த வரைக்கும் நான் கை கழுவத்தான் குழாயத் தெறந்தேன்."

சொல்லிவிட்டுக் கேமராவை வெளியே எடுத்து லென்ஸை ஊதினார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வந்து படுக்கமுடியுமா, இந்தத் தடவை ஹெட்போனை ஒழுங்காக மாட்டிவிடுகிறேன் என்று கேட்டாள்.

"ஐயோ, வேண்டாம்மா," என்று பதறினார் பாறை. "நீ சொல்றது நிஜமாவே காதுல கேட்டா நான் ஆடிடுவேன்."