மல்கியேலின் நேர்ச்சைக் காளை

மல்கியேலின் காளை ஊரிலுள்ள எந்த வீட்டைவிடவும் உயரமாகிவிட்ட ஆண்டில் எங்கள் எந்தாமாரில் பார்லி நன்றாக விளைந்தது, அத்தி சுமாராக விளைந்தது, ஒலிவ எண்ணெய் விலை இறங்கியது. கூரைமேல் காயவைத்த அத்திப்பழங்களைக் காளை நின்ற இடத்திலிருந்தே தின்றது. ஆள் விழாமலிருக்கக் கூரையைச் சுற்றி நாங்கள் எழுப்பும் கைப்பிடிச் சுவரில் கழுத்தைச் சொறிந்துகொண்டது. பல வீட்டுச் சுவர்கள் இப்படிப் போயின. அதன் சாணத்தில் ஊர் அடுப்புகள் எல்லாம் எரிந்தன. கர்த்தருக்கு நேர்ந்துவிட்ட மாட்டின் சாணமும் கர்த்தருடையதுதானா என்று சட்டம் தெரிந்த லேவியன் இத்தோவிடம் கேட்டார்கள். இத்தோ ஒரு மழைக்காலம் முழுவதும் யோசித்து, இல்லை என்றான். அவன் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிந்தது.

பிறந்த அன்று அது மற்றக் கன்றுகளைப் போலத்தான் இருந்தது. அன்று மல்கியேலின் மனைவி ஆசூபாள் காய்ச்சலில் கிடந்தாள். கண் செருகிவிட்டது. ஒப்பாரிப் பெண்களுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று; அவர்களும் வந்து வாசலில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மல்கியேல் தொழுவத்துக்குப் போய், ஈரம் காயாத கன்றின் தலையில் கை வைத்து, "கர்த்தாவே, இவளை என்கிட்ட விட்டுடும். இந்தக் கன்னு உமக்கு. எருசலேமுக்குக் கொண்டாந்து நன்றிப் பலி கொடுக்கிறேன்" என்றான். உள்ளே ஆசூபாள் எழுந்து உட்கார்ந்து பருப்புக் கூழ் கேட்டாள். ஒப்பாரிப் பெண்களும் ஆளுக்கொரு கிண்ணம் குடித்துவிட்டுப் போனார்கள்.

நன்றிப் பலிக்கு ஒரு முறை உண்டு. கொழுப்பு பலிபீடத்தில் எரியும். மார்பும் வலது தொடையும் பலி செலுத்தும் ஆசாரியருக்கு. மீதி இறைச்சி முழுவதையும் பலி கொடுத்தவன் தன் ஆட்களோடு உட்கார்ந்து அன்றே தின்று தீர்க்க வேண்டும். ஒரு துண்டு மறுநாள் விடியலைப் பார்த்தாலும் பலி செல்லாது. ஆகவே ஒருவன் தனியாக நன்றி சொல்ல முடியாது. ஆள் சேர்க்க வேண்டும்.

அடுத்த கூடாரப் பண்டிகைக்கு மல்கியேல் எருசலேம் போனபோது கன்றை ஓட்டிப் போகவில்லை. கன்று நன்றாகத் தேறியிருந்தது. அகன்ற நெற்றி, நேரான முதுகு. அவன் ஆலய முற்றத்தில் மற்றவர்களோடு நின்று கைகளை உயர்த்தி, "ஆண்டவரே, கன்னு இன்னும் சின்னது. கொஞ்சம் வளரட்டும். உமக்குத்தானே நல்லது" என்று வேண்டிக்கொண்டான். அன்று கர்த்தர் கேட்டருளிய வேண்டுதல்களில் அதுவும் ஒன்று. அப்போது அது யாருக்கும் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் மழை பெய்து மண் இளகியது. அவனுடைய அண்ணன் யாகீனின் உழவு மாடுகளில் ஒன்று அந்த வாரம் செத்தது. கன்று அதற்குள் நுகம் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. யாகீன் வந்து, ஜோடி சேர்க்க அதைக் கொஞ்ச நாள் கேட்டான்.

"அது கர்த்தருடைய மாடுண்ணே," என்றான் மல்கியேல். "நேர்ந்துவிட்டதை நுகத்துல பூட்டலாமா? நீயே சொல்லு."

யாகீன் தலையாட்டிவிட்டுப் போனான். சட்டப்படி அது சரி. பிறகு ஒருநாள், அதே கன்றைத் தன் கிழட்டுப் பசுவோடு பூட்டி மல்கியேல் வடக்கு மேட்டை உழுவதை யாகீன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. மழைகள் வந்து போயின. அண்ணன் தம்பிக்குள் பேச்சு மட்டும் வரவில்லை.

காளை வளர்ந்தது. தொழுவம் போதாமல் களத்தில் கட்டினார்கள். பிறகு கட்டுவதற்கேற்ற கயிறு கிடைக்கவில்லை, கட்டாமலே நின்றது. சாதுவான மாடு. பிள்ளைகள் அதன் வாலைப் பிடித்து ஏறி முதுகில் விளையாடினார்கள். மல்கியேல் பண்டிகைக்குப் பண்டிகை ஒரு காரணம் வைத்திருந்தான். ஒரு முறை பாதை சரியில்லை என்றான், ஒரு முறை வெட்டுக்கிளி என்றான். கடைசியில் உண்மையான காரணமே வந்துவிட்டது: இவ்வளவு இறைச்சியை ஒரே நாளில் யார் தின்பது? ஊரில் வாய்கள் அதிகம் உள்ள வீடு யாகீன் வீடு. அந்த வீட்டை அழைக்க முடியாது.

காளையின் நிழல் எவ்வளவு நீண்டதோ அவ்வளவு ஆசூபாளின் நிழல் குறைந்தது. இதை முதலில் கண்டவள் ஆசூபாள்தான். இரண்டாவதாகக் கண்டவள் பக்கத்து வீட்டு நோவாள், ஊற்றடியில்.

"ஏண்டி, உன் நிழலை எங்கடி வச்சிட்டு வந்தே?"

"மாட்டுக்குத் தீவனமாப் போகுதுக்கா."

"உன் வீட்டுக்காரனுக்குத் தெரியுமா?"

"அவருக்கு மாட்டைத்தான் அளக்கத் தெரியும். மேல பாத்துப் பாத்தே கழுத்து சுளுக்கிக் கிடக்காரு."

மல்கியேலுக்கு அறுவடையின்போது தெரிந்தது. ஆசூபாள் அறுப்புக்காரர்களுக்கு அப்பமும் புளித்த காடியும் கொண்டுவந்தாள். எல்லோருடைய நிழலும் கதிரறுத்த தாள்களின்மேல் நீண்டு கிடந்தது. அவளுடைய காலடியில் அத்தி இலை அளவுக்கு ஒன்று இருந்தது. மல்கியேல் அன்று முதல், அவளுக்குத் தெரியாமல், ஒரு வைக்கோல் துரும்பால் அதை அளக்கத் தொடங்கினான். துரும்பை அடிக்கடி கிள்ளிச் சிறிதாக்க வேண்டியிருந்தது.

அவனுக்குப் பயம் வந்தது. பயத்தில் ஒரு யோசனையும் வந்தது. காளைக்குப் பதிலாக ஒரு நல்ல ஆட்டுக்கடாவை நேர்ந்துவிட்டான். ஆட்டுக்கடா என்றால் நோவாள் வீட்டையும் இத்தோவையும் வைத்துக்கொண்டு மாலைக்குள் தின்று தீர்த்துவிடலாம். மறுநாள் பட்டியில் கடா இல்லை. காளையின் காதுகளுக்குப் பின்னால் சுருண்ட கொம்புகள் இரண்டு கூடுதலாக இருந்தன. இத்தோ வந்து அண்ணாந்து பார்த்தான்.

"நேர்ந்ததை மாத்தக்கூடாது. மாத்தினா ரெண்டுமே கர்த்தருடையது. சின்னப் புள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்யா மாத்தினே?"

"தெரியாத மாதிரி மாத்திப் பாத்தேன்."

அன்று மாலை ஆசூபாளின் நிழல் ஒலிவ இலை அளவுக்கு வந்தது. மல்கியேல் துரும்பைக் கீழே போட்டான். அவள் ஆட்டுக்கல்லை விட்டு எழாமலே, "அளந்தாச்சா?" என்று கேட்டாள். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

"வலிக்குதா?" என்றான்.

"வலியெல்லாம் இல்லீங்க. வெளிய நின்னா உள்ளுக்குள்ளயும் வெயில் அடிக்குது, அவ்வளவுதான். இதுவும் போச்சுன்னா நானும் கூடவே போயிடுவேன் போல." மாவை வழித்தாள். "பரவாயில்ல. போன தடவை வந்து சும்மா திரும்பினாங்களே, அந்தப் பொம்பளைங்களுக்கு இந்தத் தடவையாவது வேலை இருக்கும்."

அவள் சிரித்தாள். மல்கியேல் சிரிக்கவில்லை. திராட்சை மிதித்து முடிந்து கூடாரப் பண்டிகை வந்ததும் காளையை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். ஊரே கூடப் போனது. வழியில் காளை நடந்த இடங்களில் பள்ளம் விழுந்தது; இப்போது அங்கே மழைத்தண்ணீர் நிற்கிறது, ஆடுகள் குடிக்கின்றன. யாகீன் வீட்டார் கூட்டத்துக்கு வெகு பின்னால், மற்றொரு காரியத்துக்குப் போகிறவர்களைப் போல நடந்து வந்தார்கள்.

எருசலேம் வாசலில் காவலன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தான்.

"யோவ், என்னய்யா, மலையை ஓட்டிக்கிட்டு வர்றே?"

"மாடுங்க. நன்றிப் பலி."

"எதுக்கு நன்றி?"

"பொண்டாட்டி பொழைச்சதுக்கு."

"எப்பப் பொழைச்சா?"

மல்கியேல் சொன்னான். காவலன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "சீக்கிரம் உள்ள போய்யா. நிக்க நிக்க இன்னும் வளரும்."

காளை முட்டி போட்டது. மூச்சை உள்ளே இழுத்து, திராட்சைத் தோட்டத்து வேலியில் நரி நுழைவதுபோல் வாசலில் நுழைந்தது. கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. முற்றத்தில், பலி மாட்டில் பழுது உண்டா என்று சோதிக்கும் ஆசாரியர் ஏணி போட்டு ஏறி, கண், காது, குளம்பு எல்லாம் பார்த்தார். கொம்புகளிடம் வந்ததும் நின்றார். மற்ற ஆசாரியர்களைக் கூப்பிட்டார். கொம்பு உடைந்திருந்தால் பழுது, கூடுதலாக இருந்தால் என்ன என்று அவர்கள் பேசினார்கள். கூடுதலைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை, ஆகவே பழுதில்லை என்று முடிவாயிற்று. மல்கியேல் அதன் தலையில் கை வைக்க வேண்டும். காளை தலையைத் தாழ்த்தித் தந்தது. அது கன்றாக இருந்தபோது கை வைத்த அதே இடத்தில் வைத்தான். அவன் அழுதான் என்று நோவாள் சொல்கிறாள். புகை என்று அவன் சொல்கிறான். புகை அதற்குப் பிறகுதான் வந்தது.

மார்பையும் வலது தொடையையும் ஆசாரியர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மீதி இறைச்சி மலைச்சரிவுக்கு வந்தது. பண்டிகைக்கு வந்தவர்கள் எல்லாம் அங்கே இலைக் கூடாரங்களில் இருந்தார்கள். எந்தாமார் தின்றது. எந்தாமாருக்குப் பக்கத்து ஊர்கள் தின்றன. லேவியர்கள், விதவைகள், கல் உடைக்க வந்த அந்நியர்கள், வாசல் காவலன், அவனுடைய மாமனார் எல்லோரும் தின்றார்கள். அப்பம் சுடும் பெண்களுக்கு நிமிர நேரமில்லை. இத்தோ இடுப்புக்கச்சையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு தின்றான். ஏலோன் என்ற கிழவன் பல்லில்லாமலே ஒரு விலா எலும்பைச் சுத்தமாக்கினான். அன்று எருசலேமில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை, வாய் ஒழியவில்லை. சூரியன் மேற்கே சாய்ந்தபோது எலும்புகள் மட்டும் கிடந்தன. எலும்புகளும் ஒரு சட்டியில் ஒரு துண்டும்.

அது கழுத்துத் துண்டு. நுகம் அழுத்திய இடம். இத்தோ ஒரு கடி கடித்தான். துண்டு குறையவில்லை. காவலன் கடித்தான். குறையவில்லை. ஊர் முழுக்க வரிசையில் வந்து ஆளுக்கொரு கடி கடித்து விழுங்கினார்கள். துண்டு அப்படியே இருந்தது. எல்லோருடைய நிழலும் சரிவின்மேல் நீண்டு படுத்திருந்தது. ஆசூபாள் காலடியில் எள் அளவுக்கு ஒன்று இருந்தது. அவள் அதை மிதித்துவிடாமல் பாதத்தைத் தள்ளி வைத்து நின்றாள்.

"இது நம்ம பங்கு இல்லப்பா," என்றான் இத்தோ, ஏப்பத்தோடு. "வேற யாருக்கோ உள்ளது."

மல்கியேல் சட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான்.

யாகீனின் கூடாரம் கீழே, காற்று போகும் பக்கத்தில் இருந்தது. நாள் முழுக்க இறைச்சி வாசனை அங்கேதான் வந்து சேர்ந்தது. நன்றிப் பலிக்கு அழைத்தால் மறுப்பது எங்களிடம் வழக்கமில்லை. அழைக்காமல் போவதும் வழக்கமில்லை. யாகீன் மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒலிவங்காயோடு பாலாடைக் கட்டி தின்றுகொண்டிருந்தான். அவன் வீட்டுப் பிள்ளைகள் மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, சாப்பிட வா."

யாகீன் ஒலிவக் கொட்டையைத் துப்பினான். "அது கர்த்தருடைய மாடாச்சேடா. நான் எப்படித் தொடறது?"

"நான் அதுல உழுதேண்ணே."

"தெரியும்."

"உனக்குக் கிடையாதுன்னு சொல்லிட்டு உழுதேன்."

"தெரியும்டா. அதுவும் என்ன உழவு! பாம்பு நெளிஞ்ச மாதிரி. என்கிட்ட குடுத்திருந்தா உன் மேட்டையும் சேத்து நேரா உழுது குடுத்திருப்பேன்." இப்போதுதான் திரும்பினான். "வருஷா வருஷம் அந்தக் கோணலைப் பாத்துத்தான்டா எனக்கு ஆறவே இல்ல."

"ஆசூபா நிழல் எள்ளளவுக்கு வந்துடுச்சுண்ணே. இருட்டறதுக்குள்ள..."

"இதை முதல்ல சொல்ல மாட்டியா, மடையா!" யாகீன் சட்டியைப் பிடுங்கி ஒரு வாய் பிய்த்துப் போட்டான். மென்றான். முகம் சுளித்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"உப்பு பத்தல," என்றான்.

அவன் மனைவி கூடாரத்துக்குள்ளிருந்து உப்புக்கட்டி எடுத்துவந்தாள். யாகீன் அதை நசுக்கித் தூவினான். பாதியைப் பிய்த்துத் தம்பி கையில் வைத்தான். தம்பியும் தின்றான். உப்பைச் சாட்சியாக வைத்துச் செய்ததை எங்களில் யாரும் முறிப்பதில்லை. துண்டு குறைந்தது. மிச்சத்தைப் பிள்ளைகள் பாய்ந்து எடுத்தார்கள். சட்டியை அப்பத்தால் துடைத்துத் தின்றார்கள். அப்போது சூரியன் மலைமேல் ஒரு விரல் உயரத்தில் இருந்தது.

மேலே ஆசூபாளின் காலடியிலிருந்து நிழல் புறப்பட்டது. எள் இலையாயிற்று, இலை ஆளாயிற்று, ஆளோடு நிற்கவில்லை. கூடாரங்களின்மேல் ஏறி, பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர் மலையில் போய் நின்றது. பரந்த முதுகும் நான்கு கொம்புகளும் தெளிவாகத் தெரிந்தன. ஆசூபாள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். தலையில் முக்காடுதான் இருந்தது. "பரவாயில்ல, வட்டியோட வந்துடுச்சு," என்றாள். நோவாள் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு அப்பம் மீந்திருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

அந்த நிழல் பிறகு சிறுக்கவில்லை. எந்தாமாரில் வெயில் காலத்தில் அது நல்ல உபயோகம். அறுப்புக்காரர்கள் அதில் சாப்பிடுகிறார்கள். கறவை ஆடுகள் அதில் அசை போடுகின்றன. மல்கியேல் துரும்பு எதுவும் வைத்திருப்பதில்லை. வடக்கு மேட்டை இப்போது யாகீன் உழுகிறான், நேராக. நடுப்பகல் தாண்டியதும் அவன் ஏரை நிறுத்தி, நெற்றியைத் துடைத்து, களத்துப் பக்கம் கத்துவான்.

"ஏம்மா ஆசூபா, மாடு காயுது. கொஞ்சம் கெழக்கால நகந்து நில்லு!"

ஆசூபாள் முறத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் கிழக்கே நகர்ந்து நிற்பாள்.