அப்பா கழற்றிய பெஞ்ச்

அன்று அப்பா கையில் இருந்தது ஸ்பேனர்தானா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள் என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. அது நடந்ததா, நடந்திருக்க வேண்டும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை.

அக்காவுக்கு நகராட்சியின் பூங்காப் பிரிவில் வேலை. பழைய பூங்காக்களைப் புதுப்பிக்க வந்த நிதி எல்லாவற்றுக்கும் போதாது. கண்ணுக்குத் தெரியும் பழுதை நேரில் பார்த்து மதிப்பெண் போட்டு, மிகவும் பழுதானதற்கு முதலில் பணம் என்ற முறையை வகுத்தவள் அவள்தான். எங்கள் தெருப் பூங்காவில் மண்ணுக்கடியில் வடிகால் இற்றுப்போயிருந்தது. மழை பெய்தால் நடைபாதை குளமாகிவிடும். ஆனால் பெஞ்சும் ஊஞ்சலும் பளிச்சென்று இருந்தன. ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா பலகை மாற்றி, போல்ட் முறுக்கி, பெயின்ட் அடித்து வைத்திருந்தார்.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா விளையாட்டாகச் சொன்னாள். “நீங்க ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நம்ம பூங்காவை பாஸ் பண்ண வச்சுட்டீங்கப்பா. பாஸானதுக்குக் காசு வராது.”

“அப்போ ஃபெயிலாகணுமா?”

“நீங்க கை வச்ச பிறகு அது எங்கே ஃபெயிலாகும்?”

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அப்பா மட்டும், பார்வையிட என்றைக்கு வருவார்கள் என்று கேட்டார்.

அதிகாரிகள் பூங்காவைப் பார்வையிட வரும் நாளன்று காலை நான் அங்கே போனபோது, அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தான் பொருத்திய பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போவதற்குள் அக்காவும் அவளுடைய மேலதிகாரியும் உள்ளே வந்துவிட்டார்கள்.

“யாருங்க பெரியவரே நீங்க? பட்டப்பகல்ல பலகையைக் கழட்டுறீங்களே, வெட்கமா இல்ல?” அதிகாரி அக்காவிடம் திரும்பினார். “இது உங்க ஏரியாதானே? இவரைத் தெரியுமா?”

அக்கா பேசவில்லை. பேசினால், மதிப்பெண் முறையை வகுத்தவளின் அப்பாவே பூங்காவை உடைத்தார் என்று ஆகும். வேலை போகலாம்.

அப்பாதான் பதில் சொன்னார். “அவங்களுக்கு என்னைத் தெரியாதுங்க. தப்பு என் மேலதான். மன்னிச்சுக்குங்க மேடம்.”

அவர் மேடம் என்றது அக்காவை. பத்தடி தள்ளி நின்றிருந்த நானும் ‘அப்பா’ என்று கூப்பிடவில்லை.

“செஞ்சு கொடுத்தாலும் கழட்டிக்கிட்டுப் போற ஜனம். அடுத்த தடவை பாத்துக்கலாம்,” என்று அதிகாரி நடந்தார். அக்கா அவர் பின்னால் போனாள்.

வேலை முடிந்து வந்ததும் அக்கா அப்பா எதிரில் உட்கார்ந்தாள். யாரும் விளக்கைக்கூடப் போடவில்லை.

“நான் சொல்லியிருக்கணும்பா.”

“சொல்லிட்டு? நீ வேலைக்குப் போயாகணும்மா. எனக்கு அந்தப் பூங்காவுக்குப் போயே ஆகணும்னு என்ன இருக்கு?”

எங்கள் பூங்காவுக்கு அந்த முறை நிதி வரவில்லை. அடுத்த முறை வந்தது. வடிகாலும் பெஞ்சுகளும் புதிதாகப் போட்டார்கள். அதிகாரி ஓய்வுபெற்றுவிட்டார். அக்கா குடிநீர்ப் பிரிவுக்கு மாறுதல் கேட்டுப் போய்விட்டாள். அன்று பூங்காவில் நடந்ததை அம்மா பேச்சில் எடுப்பதில்லை. நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். அப்பா கடைக்குப் போவதென்றாலும் பூங்காத் தெருவை விட்டுச் சுற்றுவழியாகத்தான் போய்வருகிறார்.