முனியறைக் கற்கள்

கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு, எஸ்டேட்டிலிருந்து ஆறு பெண்களை மலை உச்சிக்குக் கல் சுமக்க அனுப்பியிருந்தார்கள். உச்சியில் முனியறைகள் இருந்தன. நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு கல் மூடி, மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்களைப் புதைத்த இடம். சரிந்து கிடப்பவற்றை எடுத்து நிறுத்தி, வேலி போட்டு, டூரிஸ்டுகளுக்குத் திறக்கப்போகிறார்களாம்.

தொல்லியல் துறை ஆபீசர் ஜோபி மலையாளி, நல்ல பிள்ளைதான், அதட்டிப் பேச மாட்டார். சரிவில் கிடந்த கற்குவியலைக் காட்டினார். "இதெல்லாம் முனியறைக் கல்லு. யாரோ கொண்டுவந்து அடுக்கியிருக்காங்க. மேல கொண்டுபோகணும்."

ஆறு பேரில் ராமலட்சுமியும் ஒருத்தி. அடுக்கியது அவள்தான். போன ஆடி மழையில் எஸ்டேட் மயானம் மண் சரிந்து மூடிப்போனது. அந்த வாரமே அவள் புருஷன் பொன்ராஜ் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். முப்பது வருஷம் தேயிலைக்கு மருந்தடித்தவனுக்கு ஆறடி சொந்த மண் கிடையாது. கொட்டுகிற மழையில் இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். காட்டுப்பன்றி தோண்டாமலிருக்கக் குழிமேல் கல் ஏற்றுவது தொழிலாளர் லயத்து வழக்கம். செத்தவர்கள் கல் செத்தவனுக்கு ஆகும் என்று அன்று எல்லாரும் சொன்னார்கள்.

பொன்ராஜின் தம்பி ஜெகன்தான் வேலைக்கு மேஸ்திரி. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "மதினி, வாயத் தொறந்துறாதீங்க. தெரிஞ்சா அண்ணனத் தோண்டி எடுக்கச் சொல்லுவாங்க. எங்க கொண்டுபோயிப் பொதைக்க?"

"கல்ல எடுத்தா பன்னி கெளறிப்புடுமே தம்பி."

"ரெண்டு மழை பெஞ்சா மண்ணு இறுகிரும்." அவனுக்கே அதில் நம்பிக்கையில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துண்டைச் சும்மாடு கூட்டி அவளும் சுமந்தாள். பொன்ராஜின் நெஞ்சுக்கு நேரே வைத்திருந்த கல்லை மட்டும் மற்றவர்களைத் தொடவிடவில்லை. அழுகை முட்டியது. மேடு ஏறுகிற இளைப்பு மாதிரிக் காட்டிக்கொண்டாள். ஜோபி ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதினார்.

"முனியறைக்குள்ள எலும்பு இருக்கா சார்?" என்று கேட்டாள் ராமலட்சுமி.

"ஒன்னும் இல்ல சேச்சி. வெறும் மண்ணு."

கடைசிக் கல்லும் ஏறியதும் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். முழு முனியறையும் படத்துக்குள் வர இடம் தேடிப் பின்னாலேயே நடந்தவர், சரிவில் கல் எடுத்த இடத்தில் வந்து நின்றார்.

"சார், அங்கிட்டு அட்டை கடிக்கும். இங்கிட்டு வாங்க," என்றாள் ராமலட்சுமி.

"சாரமில்ல சேச்சி, பரவால்ல. இங்கதான் சமமா இருக்கு."

கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களையும் விரித்து, ஆடாமலிருக்க ஒவ்வொன்றாக அழுத்தினார். மண் இளகலாக இருந்ததால் நன்றாக இறங்கின.

"படத்துல ஆள் வேண்டாம். எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ராமலட்சுமி தள்ளி நின்றாள்.