சேர்ந்து சொல்வதாக இருந்தது

டாட்மர்டன் ஊரில் ஹேய்க்–ஓர்மராட் வக்கீல் அலுவலகத்துக்கு இரண்டு முதலாளிகள். பெவர்லி ஹேய்க், லொரெய்ன் ஓர்மராட். சட்டக் கல்லூரி நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். விபத்து வழக்குகளில் கட்சிக்காரர்களிடம் பேசுவது பெவர்லி. மனு எழுதித் தாக்கல் செய்வது லொரெய்ன். அலுவலகம் விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பதும் லொரெய்னின் பொறுப்புதான். வக்கீல்களைக் கண்காணிக்கும் ஆணையம் மாதந்தோறும் அனுப்பும் சுற்றறிக்கையை அவள்தான் உரக்க வாசித்துக் காட்டுவாள். பெவர்லி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி அரைகுறையாகக் கேட்பாள்.

அந்த லொரெய்ன்தான், தாயார் சாகக் கிடந்த நாட்களில் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் அலைந்ததில், டெரெக் குரோதரின் வழக்கைக் கோட்டை விட்டாள். கூரை வேலையில் சாரம் சரிந்து இடுப்பொடிந்த மனிதர். நஷ்டஈடு கேட்டு மனுப்போடும் கெடு தாண்டிவிட்டது. இனி எந்த நீதிமன்றமும் அவரைத் திரும்பிப் பார்க்காது.

லொரெய்ன் பெவர்லியின் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

"அந்த ஆளு போன் பண்ணுவாருடி. ஏதாவது சொல்லிச் சமாளி. அம்மா விஷயம் ஒரு வழிக்கு வரட்டும், நானே அவர்கிட்ட சொல்லிடறேன்."

பெவர்லி சமாளித்தாள். "கேஸ் கோர்ட்டுல இருக்கு டெரெக். அங்க எல்லாம் ஆமை வேகம்தான்" என்றாள். தோழிக்காகச் சொன்ன பொய். தாயாரின் அடக்கம் முடிந்தது, கோடையும் முடிந்தது, லொரெய்ன் வாயைத் திறக்கிற வழியாக இல்லை. பெவர்லி அதே பொய்யை இன்னொரு முறை சொல்ல வேண்டி வந்தது.

சென்ற வாரம் வந்த சுற்றறிக்கையில், தவறு தெரிந்தும் தெரிவிக்கத் தாமதிப்பதும் தவறே என்று ஆணையம் அழுத்திச் சொல்லியிருந்தது. அதை வாசித்ததும் லொரெய்ன் தாளைக் கீழே வைத்துவிட்டாள். அன்று மாலையே இருவரும் முடிவெடுத்தார்கள். திங்கட்கிழமை காலை சேர்ந்து உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆணையத்துக்கு அனுப்புவது. என்ன தண்டனை வந்தாலும் சேர்ந்தே வாங்கிக்கொள்வது.

திங்கட்கிழமை பெவர்லி வந்தபோது லொரெய்ன் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

"நான் வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டேன், பெவ்."

"எதை?"

"நம்ம விஷயத்தை. பொறுப்புல இருக்கறவ நான். தெரிஞ்சும் தள்ளிப் போட்டேன்னு நாளைக்கு என் தலையில விடியும்."

"என்ன எழுதினே?"

"கெடுவை விட்டது நான்னு ஒத்துக்கிட்டேன்." லொரெய்ன் கையுறையைத் திருகினாள். "நீ அவர்கிட்ட சொன்னதையும் எழுதினேன்."

"சொல்லச் சொன்னது யாருன்னு எழுதினியா?"

"சமாளின்னுதானே சொன்னேன்? பொய் சொல்லுன்னா சொன்னேன்?"

அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். கெடுவைத் தவறவிட்டால் அது கவனக்குறைவு. கண்டிப்பார்கள், அலுவலகத்தின் காப்பீட்டுக் கம்பெனி கட்சிக்காரருக்குப் பணத்தைக் கட்டும், அவ்வளவுதான். கட்சிக்காரரிடம் பொய் சொன்னால் வக்கீல் பட்டியலிலிருந்து பெயரையே அடித்துவிடுவார்கள். சாத்திய அறைக்குள் பேசிய பேச்சுக்குச் சாட்சி ஏது? தப்புச் செய்தவள் தப்பித்தாள், அவளைக் காப்பாற்றப் போனவள் மாட்டிக்கொண்டாள். அழுத கண்ணைத் துடைத்த கையோடு லொரெய்ன் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறாள் என்று பெவர்லிக்குப் புரிந்தது.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியேடி!"

"என் இடத்துல நீ இருந்திருந்தா..."

"இருந்தேன்டி. இத்தனை மாசமா உன் இடத்துலதான் இருந்தேன்."

தொலைபேசி அடித்தது. டெரெக் குரோதர் கூப்பிடுகிறார் என்று வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"எடுக்காதே. இனிமே நீ அவர்கிட்ட பேசக் கூடாது" என்றாள் லொரெய்ன்.

பெவர்லி எடுத்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும், யார் செய்த வினை என்று அந்த மனிதருக்காவது தெரிய வேண்டும் என்ற ஆத்திரம் அவளுக்கு.

"டெரெக், உங்க மனுவை நாங்க நேரத்துக்குப் போடலை. கேஸே இல்ல. வேற வக்கீலைப் பாத்து எங்க மேல கேஸ் போடுங்க, நஷ்டஈடு கிடைக்கும். கெடுவை விட்டது யாருன்னா..."

"இருங்கம்மா." அவர் குரல் தணிந்தது. "கோர்ட்டுல இருக்குன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

"ரெண்டாவது தடவை கேட்டப்பவும்?"

"அதுவும் பொய்தான்."

லொரெய்னின் பெயரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு பெவர்லி காத்திருந்தாள். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"வீட்டுல என் பொண்டாட்டி சந்தேகப்படும்போதெல்லாம், பெவர்லிம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அடிச்சுப் பேசினேன். இப்ப அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

அவர் போனை வைத்துவிட்டார்.