பெரியாயியின் பக்கம்

பதுளை டவுனில் ஒரு புடவைக்கடை மாடியில் நடந்த கம்பியூட்டர் வகுப்பில்தான் மேனுஷா இணையப்பக்கம் செய்யக் கற்றுக்கொண்டாள். அது 2003ஆம் ஆண்டு. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். வார நாட்களில் வகுப்புத் தோழி ஸவாஹிராவின் வீட்டில் தங்குவாள். சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்குப் போவாள். கடைசிப் பரீட்சைக்கு ஆளுக்கொரு தளம் செய்து காட்டவேண்டும். தமிழில், சொந்த ஊரைப் பற்றி.

முதலில் அவள் எழுதியது பச்சைக் கம்பளம் விரித்த மலைகளைப் பற்றி. சொல்லிக்கொடுத்த விஜிதா மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி, அதிகம் பேசமாட்டார். திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நீர் அங்கதானே இருக்கிறீர்?"

"ஆமா மிஸ்."

"இது பஸ்ஸில போன ஆக்கள் எழுதின மாதிரிக் கிடக்கு. உமக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்டும் இல்லையோ?"

இருந்தது. போன மாரி மழையில் பாதை உடைந்த நாள். லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த பெரியாயிக்குப் பிரசவ வலி கண்டபோது ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்தில் வாகனம் இல்லை. தோட்டத்தின் தேயிலைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மண் சரிந்து கிடந்த வளைவில் லொறி நின்றது. பிள்ளை அங்கேயே பிறந்தது, தங்கவில்லை. மேனுஷாவும் அந்த லொறியில் இருந்தாள், பெரியாயியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு.

அதை அவள் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினாள். அலங்காரச் சொற்கள் அதிகம் வரவில்லை; வந்தவற்றையும் அழித்தாள். இணையத்தில் போட்டால் உலகமே பார்க்கலாம் என்று மிஸ் முதல் வகுப்பில் பெருமையாகச் சொன்னது இப்போது வேறு மாதிரிக் கேட்டது. உலகத்தில் தோட்டத்து ஆபீசும் அடக்கம். அப்பாவுக்கு வேலையும் அந்தத் தோட்டத்தில்தான், இருக்கிற காம்பராவும் தோட்டத்துடையதுதான்.

அழிக்க மனம் வரவில்லை. எழுத்தின் அளவைக் குறைத்தாள். நிறத்தை வெளிர் சாம்பலாக்கினாள். பின்னணிக்கு இளம்பச்சை கொடுத்தாள். வரிகளையும் நெருக்கினாள். மற்றப் பக்கங்களெல்லாம் பளிச்சென்று இருக்க, இது மட்டும் மூடுபனிக்குள் கிடந்தது.

"பக்கத்தைச் செய்துபோட்டு ஒருத்தரும் வாசிக்கக்கூடாதெண்டு வேண்டுறீரோ?" என்றார் மிஸ்.

மேனுஷா பக்கத்தை மூடினாள். சனிக்கிழமை நேரே பெரியாயியிடம் போனாள். பெரியாயி லயத்துத் தண்ணீர்ப் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒங்க கதைய எழுதியிருக்கேன். கம்பியூட்டர்ல போடணும். பேர மாத்திறவா?"

பெரியாயி பிழிந்த துணியைக் கையிலேயே வைத்திருந்தாள். "எதுக்கு மாத்துற? நடந்தது எனக்குத்தானே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "லொறின்னு மட்டும் போடாத புள்ள. டிரைவரு ஆபீஸ்ல கேக்காம எடுத்தாரு. தெரிஞ்சா அவரு வேல போயிரும்."

இது மேனுஷாவுக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை மாடி ஏறியதும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். 'லொறி' வந்த இடத்திலெல்லாம் 'வாகனம்' என்று மாற்றினாள். எழுத்தைப் பெரிதாக்கிக் கறுப்பாக்கினாள். வரிகளுக்கு நடுவே இடம் விட்டாள். அப்போது பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் நேரே முகத்தைப் பார்த்தது. திரும்பத் திரும்ப வாசித்தாள். எங்கேயாவது ஒன்று தப்பியிருக்குமோ என்ற எண்ணம் சாப்பிடும்போதும் விடவில்லை.

பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து ஜெயரட்ணம் சேர் வந்தார். எல்லாருடைய வேலையையும் தன் மடிக்கணினியில்தான் பார்ப்பேன் என்றார். மேனுஷாவின் முறை வந்தது. பெரியாயியின் பக்கம் திறந்தது. தமிழ் இல்லை. கொம்பும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்துகள் திரை முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவள் தட்டிய தமிழ் எழுத்துரு, அந்த ஃபொண்ட், அவருடைய மெஷினில் இல்லை.

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேனுஷாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி யாரும் வாசிக்கமாட்டார்கள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, டிரைவருக்கும் ஆகாது.

"ஃபொண்ட் கொண்டுவந்தனீரோ?" என்று கேட்டார் அவர்.

இல்லை என்று சொன்னால் முடிந்துவிடும். பரீட்சைப் புள்ளி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பைக்குள் இருந்த, ஃபொண்ட் பதிந்த சீடியின் விளிம்பு விரலில் பட்டது. எதுக்கு மாத்துற என்று கேட்ட பெரியாயியின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"இருக்கு சேர்," என்றாள்.

ஃபொண்டை ஏற்றியதும் தமிழ் வந்தது. சேர் வாசிக்க ஆரம்பித்தார். அவர் வாசித்த வேகத்தைவிட மேனுஷாவின் கண்கள் வேகமாக ஓடின, அந்த ஒரு சொல்லைத் தேடி. கடைசியில், சரிந்த மண்ணின் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அது இருந்தது: 'லொறி நின்ற வளைவு.'

சேர் அதைக் கடந்து போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பிள்ளைத்தாச்சிட்ட கேட்டனீரோ?"

"கேட்டேன் சேர். பேரு போடச் சொன்னாங்க."

"தலைப்பு எழுத்து கொஞ்சம் தடிப்புக் கூட. மற்றது..." அவர் தாளில் ஏதோ எழுதினார். "மற்றது அப்பிடியே இருக்கட்டும்."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டதும் மேனுஷா தன் மெஷினுக்கு ஓடிப் படத்துக்குக் கீழே இருந்த வரியைத் திருத்தினாள். 'மண் சரிந்த வளைவு.' அவசரத்தில் இரண்டு தரம் எழுத்துப் பிழைத்தது. ஸவாஹிரா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக இன்னொரு முறை தேடிக் கொடுத்தாள். வேறு எங்கும் இல்லை. பிறகுதான் மிஸ் தளத்தை இணையத்தில் ஏற்றினார்.

அந்தச் சனிக்கிழமை அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"நம்ம தோட்டத்துத் தொரைக்குத் தமிழ் வாசிக்க வராது," என்றார்.

"ஆபீஸ் கிளாக்கர் ஐயாவுக்கு வரும்லப்பா."

"வரும்," என்றார் அப்பா. "அவரும் அன்னைக்கு லொறி கெளம்பினப்ப ஆபீஸ் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. இதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லல." கோப்பையைக் கழுவ எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார். "பொறந்தது பொம்பளப் புள்ளன்னு போட்டியா?"

"போட்டேன்."

அவர் தலையாட்டினார். மேனுஷாவுக்குப் பயம் போகவில்லை. ஆபீஸ் பக்கமிருந்து யாராவது லயத்துக்கு ஏறி வந்தால் அதற்குப் பிறகும் நெடுநாள் அவள் யாரென்று எட்டிப் பார்த்தாள். ஆனால் அந்தப் பக்கத்தின் எழுத்தை மறுபடி சின்னதாக்க அவள் போகவில்லை.